மரமாக நிற்கும் பிள்ளைகளும் கதைக்குள் நுழையும் பிள்ளைகளும்



தமிழ்ப்பள்ளி ஆண்டு விழா நாடகங்களைப் பலமுறை பார்த்திருப்பீர்கள். நான்கைந்து மாணவர்கள் வசனம் பேசுவார்கள். மற்ற இருபது பேர் மரமாகவும் வீரராகவும் ஊர் மக்களாகவும் வரிசை பிடித்து நிற்பார்கள். பெற்றோர் கைப்பேசியில் படம் எடுப்பார்கள். நாடகம் முடிந்தபின், "நீ என்னவாக நடித்தாய்?" என்று கேட்டால், அந்த இருபது பேரும் தாங்கள் அணிந்த உடையைத்தான் சொல்வார்கள். கதையைச் சொல்ல மாட்டார்கள். கதை அவர்களைத் தொடாமலே போய்விட்டது.

கெப்பாலா பத்தாஸ் வட்டாரத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றும் எனக்கு இந்த இருபது பேரைப் பற்றிய கவலை நெடுநாளாக உண்டு. கதைக்குள் எல்லாப் பிள்ளைகளையும் இழுத்து வருவது எப்படி? விடையை நம் முன்னோர் என்றோ கண்டுவிட்டனர் என்பதே என் எண்ணம்.

ஊரே மேடை

வட தமிழ்நாட்டில் விழுப்புரம், திருவண்ணாமலை, காஞ்சிபுரம் போன்ற மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா பல நாள்கள் நடைபெறும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. கதை கோயில் திடலோடு நின்றுவிடாது. பகாசுரனுக்கு உணவு கொண்டு செல்லும் வீமன் மாட்டு வண்டியில் தெருத் தெருவாக வருவான். வீட்டார் சோறும் பண்டமும் கொடுப்பார்கள். அர்ச்சுனன் தபசு அன்று, வேடமிட்ட கலைஞர் உயர்ந்த மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். அவர் மேலிருந்து வீசும் எலுமிச்சம்பழத்தையும் வில்வ இலையையும் பிள்ளைப்பேறு வேண்டும் பெண்கள் கீழே காத்திருந்து பெற்றுக்கொள்வர். இறுதியில் படுகளம். களிமண்ணால் செய்த துரியோதனனின் நீண்ட உருவம் தரையில் கிடக்கும். அதைச் சுற்றி வீமனும் துரியோதனனும் பொருதுவர். திரௌபதி கூந்தல் முடிப்பாள். அன்று மாலை தீமிதி.

இதில் பார்வையாளர் யார், நடிகர் யார்? சோறு கொடுத்த அம்மாள் அந்தக் கணத்தில் ஏகசக்கர நகரத்தவள். பழத்துக்குக் கையேந்திய பெண் அர்ச்சுனனின் தவத்தில் பங்குடையவள். யாருக்கும் வசனம் எழுதித் தரவில்லை. ஆனாலும் ஒவ்வொருவருக்கும் செய்ய ஒரு செயல் இருக்கிறது. அச்செயல் கதைக்குத் தேவைப்படுகிறது. சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயிலிலும் தீமிதிக்கு முன்னர்ப் பாரத நிகழ்ச்சிகள் இவ்வாறே நடித்துக் காட்டப்படுகின்றன. கடல் கடந்தும் இம்மரபு வாழ்கிறது.

மேலைநாட்டார் கண்ட வழி

மேலைநாடுகளில் 'லார்ப்' என்றொரு விளையாட்டு உண்டு. கலந்துகொள்வோர் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, உடை தரித்து, காட்டிலோ கட்டடத்திலோ மணிக்கணக்கில், சில வேளை நாள்கணக்கில், அக்கதையிலேயே வாழ்வர். பார்வையாளர் என்று தனியே எவரும் இலர். டென்மார்க் நாட்டின் ஹோப்ரோ நகரில் 2006ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஊஸ்தெர்ஸ்கோவ் என்னும் உறைவிடப் பள்ளி, இதையே பாடம் நடத்தும் முறையாகக் கொண்டுள்ளது. வரலாறும் கணிதமும் மொழியும் ஒரே கதைக்குள் வந்துவிடுகின்றன.

இங்கிலாந்தின் டோரத்தி ஹீத்கோட் (1926–2011) அம்மையாரையும் இங்கே நினைவுகூர வேண்டும். பதினான்கு வயதில் கம்பளி ஆலைக்கு வேலைக்குச் சென்றவர். பிற்காலத்தில் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் நாடகவழிக் கல்வியைப் பல்லாண்டுகள் கற்பித்தார். ஆசிரியரும் ஒரு பாத்திரம் ஏற்றுக் கதைக்குள் நுழைய வேண்டும் என்பது அவர் வழி. நானோ ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்ற நாள்களில், நடிப்பு என்றால் வசனத்தை மனனம் செய்து ஒப்புவிப்பது என்றே எண்ணியிருந்தேன். பணியில் சேர்ந்த பின்னரே இவ்வழிகளைத் தேடிப் படித்தேன்.

எங்கள் வகுப்பில் மதுரை

ஐந்தாம் ஆண்டு மாணவர் இருபத்திரண்டு பேரோடு, இரண்டு பாடவேளைகளில், சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை நடத்தினோம். மேடை இல்லை, வசனம் இல்லை. வகுப்பறை மதுரை ஆயிற்று. கண்ணகிக்கு அடைக்கலம் தந்த மாதரி, அவள் மகள் ஐயை, பொற்கொல்லனின் அண்டை வீட்டார், கோவலனைக் கொல்லத் தயங்கிய காவலர், கடைத்தெரு வணிகர் எனப் பாத்திரங்களைப் பிரித்தேன். ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு அட்டை. அதில் மூன்றே செய்திகள்: நீ யார்? உனக்கு என்ன வேண்டும்? பிறர் அறியாத எதை நீ அறிவாய்? நான் அரசவைப் பணிப்பெண்ணாக உள்ளே நுழைந்தேன்.

வாயிற்காவலன் பாத்திரத்தை ஒரு மாணவனுக்கு அளித்தேன். வருகைப் பதிவின்போதுகூடக் கையை மட்டும் உயர்த்தும் பிள்ளை அவன். கண்ணகியாக வந்த மாணவி ஆவேசத்தோடு வந்து கதவைத் திறக்கச் சொன்னாள். அவன் திறக்கவில்லை. வகுப்பு அமைதியாயிற்று. சற்று நேரம் கழித்து மெல்லிய குரலில் சொன்னான்:

"உள்ள போனா உங்கள யாரும் பேச விடமாட்டாங்கம்மா. மொதல்ல என்கிட்ட சொல்லுங்க. நான் சாட்சிக்கு வரேன்."

இளங்கோவடிகள் காட்டிய காவலன் மன்னனிடம் செய்தி சொல்லி, அவன் அனுமதித்த பின் கண்ணகியை உள்ளே விடுவான். இவனோ சாட்சியாக நிற்க முன்வந்தான். அரசவையில் சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்தபோதும் அவள் பக்கத்திலேயே நின்றான்.

சில வாரங்கள் கழித்து வகுப்பில் ஒரு மாணவியின் பணம் காணாமற்போயிற்று. நான் உள்ளே நுழையும்போதே பிள்ளைகள் ஒருத்தியைச் சுட்டிக் கூச்சலிட்டனர். அவள் அழுதுகொண்டிருந்தாள். பின்வரிசையிலிருந்து அவன் எழுந்து நின்றான். "அவள யாருமே கேக்கல டீச்சர்," என்றான். அவ்வளவுதான். கூச்சல் அடங்கியது. பணம் பின்னர் வேறோரிடத்தில் கிடைத்தது. ஒரு மணிநேர நடிப்பால் வந்த மாற்றம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆயினும் அவன் நின்ற நிலை வாயிற்காவலன் நின்ற அதே நிலை. அதை நான் கண்டேன்.

ஆசிரியர்கள் கவனத்திற்கு

இதனைச் செய்து பார்க்க விரும்புவோருக்கு என் அனுபவத்தில் தேறியவை சில:

1. பாத்திரத்திற்குப் பெயர் மட்டும் போதாது. ஓர் ஆசையும் வேண்டும். 'வணிகர்' என்றால் பிள்ளை சும்மா நிற்கும். 'கடையை இருட்டுவதற்குள் விற்றுத் தீர்க்க வேண்டிய வணிகர்' என்றால் நடக்கத் தொடங்கும்.

2. ஒவ்வொருவரையும் இன்னொருவரோடு இணையுங்கள். நட்பு, கடன், பகை எதுவாயினும் சரி. இணைப்பு இருந்தால்தான் பேச்சு பிறக்கும்.

3. கூச்சமுள்ள பிள்ளைக்குப் பிறருக்குத் தேவையான ஒன்றைக் கொடுங்கள்: ஒரு திறவுகோல், ஓர் ஓலை, ஓர் இரகசியம். அப்பிள்ளை மற்றவரைத் தேடிப் போக வேண்டியதில்லை. மற்றவர்கள் அதைத் தேடி வருவார்கள்.

4. கதை நூலிலிருந்து விலகினால் உடனே திருத்தாதீர்கள். முடிந்தபின், நூல் என்ன சொல்கிறது, நாம் ஏன் வேறு வழி சென்றோம் என்று உரையாடுங்கள். மெய்யான இலக்கியப் பாடம் அங்கேதான் நடக்கிறது.

5. பேச விரும்பாத பிள்ளையை வற்புறுத்த வேண்டா. கவனித்துக் குறிப்பெடுக்கும் ஓலைநாயகமாக அமர்த்துங்கள். அதுவும் கதையின் ஓர் அங்கமே.

எச்சரிக்கையும் வேண்டும். பாத்திரத்தின் உணர்வு பிள்ளைக்குள் தங்கிவிடக்கூடும். லார்ப் ஆடுவோர் இதைக் 'கசிவு' என்ற பொருள்படும் சொல்லால் குறிப்பிட்டு, விளையாட்டு முடிந்ததும் அமர்ந்து மனம்விட்டுப் பேசுகின்றனர். நாங்களும் அட்டையைக் கழற்றி வைத்து, வட்டமாக நின்று, அவரவர் சொந்தப் பெயரைச் சொல்லிக் கலைகிறோம். பொற்கொல்லனாக நடித்த பையனை ஓய்வு வேளையில் எவரும் 'திருடன்' என்று அழைக்கக் கூடாது. இது எங்கள் வகுப்பின் சட்டம். திரௌபதியின் துகிலுரிதல் போன்ற காட்சிகளைத் தொடக்கப்பள்ளியில் நடிக்கத் தர வேண்டா என்பதும் என் கருத்து.

பெற்றோர்களுக்கு ஒரு சொல்

"இதெல்லாம் பரீட்சைக்கு உதவுமா டீச்சர்?" என்று ஒரு தந்தை கேட்டார். நியாயமான கேள்வி. யூ.பி.எஸ்.ஆர் தேர்வு 2021ஆம் ஆண்டு அகற்றப்பட்டது. தேர்வைப் பற்றிய அச்சம் மட்டும் நம் வீடுகளை விட்டு அகலவில்லை. அவருக்கு நான் சொன்ன விடை இதுதான்: கதைக்குள் நின்ற பிள்ளைக்குக் கட்டுரை எழுதச் சொற்கள் கிடைக்கின்றன, ஏனெனில் சொல்ல வேண்டியது ஒன்று அதனிடம் இருக்கிறது.

பினாங்கு மாநிலத்தில் இருபத்தெட்டுத் தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. சிறிய வகுப்புகளே பல பள்ளிகளில் உண்டு. அதைக் குறையாகப் பேசிப் பழகிவிட்டோம். இவ்வகைப் பயிற்சிக்கு அந்தச் சிறுமையே பெருவாய்ப்பு. எவரையும் மரமாக நிறுத்தத் தேவையில்லை. வீட்டிலும் முயலலாம். இன்றிரவு கதை சொல்லும்போது பாதியில் நிறுத்தி, "அந்த வாசலில் நீ நின்றிருந்தால் என்ன செய்திருப்பாய்?" என்று பிள்ளையைக் கேளுங்கள். விடை வரும்வரை காத்திருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியை
கெப்பாலா பத்தாஸ், பினாங்கு