வண்டி போகாத வான் தீவு

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் தீவு என்றால் சட்டென்று நினைவுக்கு வருவது தூத்துக்குடி முயல் தீவுதான். காணும் பொங்கலன்று புளியோதரையும் துவையலுமாகக் கட்டிக்கொண்டு காரிலேயே போய் இறங்கிவிடலாம். சாலை வந்துவிட்டதால் தீவு என்ற பெயர் மட்டுமே மிச்சம்.

அதே கடலில் வண்டி போகாத ஒரு தீவும் இருக்கிறது. அதன் பெயர் வான் தீவு. 1986-ல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஒன்று. வனத்துறை அனுமதி இல்லாமல் யாரும் அங்கே இறங்க முடியாது. கடந்த தை மாதம், அங்கே ஒதுங்கிய குப்பையை அள்ளப் போன ஆசிரியர் குழுவில் எனக்கும் இடம் கிடைத்தது.

படகு கிளம்பிக் கொஞ்ச நேரத்திலேயே, "தீவு எங்க அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"அந்தா, வெள்ளையா ஒரு கோடு தெரியுதுல்லா, அதான் டீச்சர்" என்றார் படகோட்டி.

மரம், மலை என்று என்னென்னவோ கற்பனை செய்திருந்தேன். இருந்தது மணல்தான். அதன்மேல் அடப்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் படர்ந்திருந்தன. ஹாரன் இல்லை, எஞ்சின் சத்தம் இல்லை. ஆலாக்கள் தலைக்கு மேலே கத்திக்கொண்டிருந்தன. உள்ளான்கள் அலை விலகிய ஈரத்தில் குடுகுடுவென ஓடி இரை பொறுக்கின. சுற்றிலும் ஆழமில்லாத கடலில் கடற்புல் உண்டு. ஆவுளியா என்று மீனவர்கள் சொல்லும் கடல் பசுவுக்கு அதுதான் மேய்ச்சல் நிலம்.

தீவைச் சுற்றி வர அதிக நேரம் ஆகவில்லை. 1986-ல் சுமார் 16 ஹெக்டேர் இருந்த வான் தீவு, 2014-ல் சுமார் 2 ஹெக்டேராகச் சுருங்கிப்போயிருந்தது.

"எங்க அய்யா காலத்துல நல்லா பெருசா கெடந்த தீவு. சுத்தி இருந்த கல்லப் பூரா எடுத்துட்டாவ" என்றார் படகோட்டி. அவர் சொன்ன கல் பவளப்பாறை. வீடு கட்டவும் சுண்ணாம்பு சுடவும் வருஷக் கணக்கில் அதை வெட்டி எடுத்தார்கள். தீவுக்கு அரணாக நின்று அலையின் வேகத்தைக் குறைத்ததே அந்தப் பாறைதான். அரண் போனதும் அலை நேராக வந்து மணலை அரித்தது. இதே கூட்டத்தைச் சேர்ந்த விலாங்குசல்லி என்ற தீவு கடலுக்குள் மூழ்கியே போய்விட்டது.

எனக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. தூத்துக்குடியில் எங்கள் ஆச்சி வீட்டுச் சுற்றுச்சுவர் கடல் கல்லில் கட்டியது. அதில் பூப்பூவாக இருக்கும் துளைகளைச் சின்ன வயதில் விரலால் தடவி விளையாடியிருக்கிறேன்.

2001-ல் பவளங்களுக்கு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முழுப் பாதுகாப்பு கிடைத்தது. அதன் பிறகு சில ஆண்டுகளில் கல் எடுப்பது நின்றது. 2015 முதல் வான் தீவை ஒட்டிய கடலில், துளைகள் வைத்த கான்கிரீட் கட்டமைப்புகளை வரிசையாக இறக்கினார்கள். அலை அதில் மோதித் தளர்கிறது; மணல் தங்குகிறது. அந்தக் கான்கிரீட்டில் பவளம் ஒட்டி வளர, மீன்களும் வந்து சேர்கின்றன.

பிறகு குப்பை அள்ள ஆரம்பித்தோம். அறுந்த வலை, தெர்மோகோல், ஒற்றைச் செருப்பு, எண்ணி மாளாத தண்ணீர் பாட்டில்கள். நடுவே ஒரு பிளாஸ்டிக் உறை. பாதி அழிந்த எழுத்தில் 'அல்வா... திருநெல்வேலி' என்று இருந்தது. எல்லோரும் சிரித்துவிட்டோம்.

படகோட்டி மட்டும் சிரிக்கவில்லை. "ஆத்துல போட்டா கடலுக்குத்தான வரும் டீச்சர்?" என்றார்.

அந்த உறை எந்த வழியாக வந்ததோ! ஆனால் அவர் சொன்னது சரிதான். பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி புன்னக்காயலில் கடலைச் சேரும்வரை நெல்லை, தூத்துக்குடி என்ற இரண்டு மாவட்டங்களில்தான் ஓடுகிறது. இந்த ஆற்றில் மிதக்கும் குப்பைக்கு வேறு மாநிலத்துக்காரரைக் கை காட்ட நமக்கு வழியில்லை.

வீடு திரும்பியதும் தம்பி மகள் ஓடி வந்தாள். "அடுத்த தடவ என்னையும் கூட்டிட்டுப் போவியளா அத்தை?"

"அங்க சும்மா சுத்திப் பாக்கப் போகக் கூடாதுட்டி. பாம்பன் பக்கத்துல குருசடை தீவு இருக்கு. அங்க வனத்துறையே படகுல கூட்டிட்டுப் போவாங்க. லீவுல போவோம்" என்றேன். நீங்களும் போவதாக இருந்தால், படகு உண்டா என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளை ஆச்சி வீட்டுக்கு அழைத்துப் போனேன். சுவரைக் காட்டி, "இதுதான் வான் தீவுக் கடல்ல இருந்த கல்லு" என்றேன். அவளும் விரலை வைத்து அந்தப் பூக்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.