வெள்ளிக்கிழமைச் சந்தை

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் சென்னை செல்லும் மின்தொடர் வண்டிகள் பல, இன்றும் 'மூர் மார்க்கெட்' என்னும் பெயர் தாங்கிய நிலையத்தையே சென்றடைகின்றன. பழம்பொருள்களுக்குப் பெயர்பெற்ற அவ்வங்காடி 1985-இல் தீக்கிரையாயிற்று. ஆயினும் பழையன வாங்கும் இன்பம் மறையவில்லை.

எதிரிலுள்ள பூங்கா நிலையத்தில் தாம்பரம் வண்டி ஏறிப் பல்லாவரத்தில் இறங்கினால், வெள்ளிதோறும் கூடும் சந்தையைக் காணலாம். கட்டில், மேசை, துணிமணி யாவும் அங்கு உண்டு. நாற்காலியைக் கவிழ்த்து மூட்டுகளை அசைத்துப் பாருங்கள். மரம் உளுத்திருக்கிறதா எனத் தட்டி அறியுங்கள். துணியை வெளிச்சத்தில் பிடித்து, நூல் நைந்துள்ளதா என நோக்குங்கள். பின்னரே பேரம் பேசுங்கள்.

புதுக்குடித்தனம் தொடங்கும் தொழிலாளிக்குத் தவணைக் கடனின்றி வீடு நிறைவது சிறிய பேறன்று. எவர் வீட்டுப் பிள்ளையோ எழுதிப் படித்த மேசை, இனி நம் பிள்ளைக்கும் உதவும்.