அரூப் தனக்கென்று வைத்துக்கொண்ட பாலம்

இங்கிலாந்தின் டர்ஹம் நகருக்குப் போகிறவர்கள் பேராலயத்தைப் பார்க்கத்தான் போகிறார்கள். நானும் பார்த்தேன். ஆனால் அந்த ஊரில் என்னைப் பிடித்து நிறுத்தியது, பேராலயத்துக்குப் பக்கத்துச் சந்தில் இறங்கினால் வரும் கிங்ஸ்கேட் என்ற கான்கிரீட் நடைபாலம்.

கான்கிரீட் மேல் எனக்குப் பழைய கோபம் உண்டு. மழைத்தண்ணீர் வழிந்து கறுத்த அரசு அலுவலகச் சுவர், கம்பி துருத்தி நிற்கும் தூண், திறப்புவிழா முடிந்த சூட்டோடு விரிசல் விட்ட மேம்பாலம் என்று பார்த்து வளர்ந்தவன் நான். ஆயிரம் வருடக் கல் கட்டடத்தின் காலடியில் அதைக் கொண்டுவந்து வைக்க யாருக்கு மனம் வந்தது என்ற எரிச்சலோடுதான் பாலத்தில் ஏறினேன்.

கீழே, வெகு ஆழத்தில், வியர் ஆறு. மாணவர்கள் எட்டுப் பேர் துடுப்பு வலித்துக்கொண்டு போனார்கள். பக்கத்தில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்திருந்த பெரியவர், "மூன்றாவது ஆள் பிந்துகிறான்" என்றார். இந்த ஆற்றிலேயே படகுப் போட்டிக்குத் துடுப்பு வலித்தவராம். படகு மறைந்ததும் என்னைப் பார்த்து, "பாலத்தின் நடுவுக்குப் போய்க் காலடியில் பாருங்கள்" என்றார்.

போய்ப் பார்த்தேன். பாலம் அங்கே இரண்டாகப் பிரிந்திருக்கிறது. இரு பாதிகளையும் வெண்கலத்தாலான ஓர் இணைப்பு சேர்க்கிறது. மறைத்துப் பூசாமல், பார் என்று காட்டுவதுபோல் விட்டிருக்கிறார்கள். ஏன் என்று கேட்டதற்குப் பெரியவர் சொன்ன கதையில்தான் என் கோபம் கரைய ஆரம்பித்தது. ஆற்றுக்குக் குறுக்கே சாரம் கட்டினால் செலவு எகிறும். அதனால் இந்தக் கரையில் ஒரு பாதி, அந்தக் கரையில் ஒரு பாதி என்று ஆற்றோடு இணையாக, கரையோரமாகவே வார்த்தார்கள். ஒவ்வொன்றும் சுமார் 150 டன். பிறகு 1963இல் இரண்டையும் அவற்றின் அடித்தளத்தின் மேலேயே கால்வட்டம் சுழற்றி, ஆற்றின் நடுவில் சந்திக்க வைத்தார்கள். கதவைச் சாத்துவதுபோல, இரண்டு பக்கமிருந்தும். பையனாக இருந்தபோது கரையோரம் கிடந்த அந்தப் பாதிகளைப் பார்த்திருக்கிறார் அவர். "அதைப் பாலம் என்று சொன்னபோது நான் நம்பவில்லை" என்றார்.

வரைந்தவர் ஓவே அரூப். 1895இல் நியூகாஸிலில் பிறந்த டேனிஷ்காரர். கோபன்ஹேகனில் முதலில் படித்தது தத்துவம். பொறியியலுக்கு வந்தது அதற்குப் பிறகு. பியானோ, சதுரங்கம் இரண்டும் கடைசிவரை கூடவே இருந்தன. லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் பெங்குவின்கள் நடந்து இறங்க ஒன்றையொன்று தழுவிக்கொண்ட இரண்டு மெல்லிய சரிவுகள் 1934இல் எழுந்தனவே, அவற்றின் பொறியியலிலும் அவருக்குப் பங்கு உண்டு. கான்கிரீட்டை அந்த அளவு மெல்லியதாக நினைத்துப் பார்க்க, கணக்கு மட்டும் தெரிந்தால் போதாது என்றே நினைக்கிறேன்.

கிங்ஸ்கேட் உருவான வருடங்களில் அவருடைய நிறுவனம் சிட்னி ஓப்பரா மாளிகையின் கூரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. உலகமே பார்த்துக்கொண்டிருந்த வேலை அது. அதற்கு நடுவில், அறுபத்தைந்து வயது தாண்டிய மனிதர், ஒரு பல்கலைக்கழகத்து மாணவர்கள் வகுப்புக்கு நடந்துபோக நூற்றுச் சொச்சம் மீட்டர் பாலத்தை யாரிடமும் விடாமல் தானே உட்கார்ந்து வரைந்தார். ஒவ்வொரு நுணுக்கத்துக்கும் மணிக்கணக்கில் செலவழித்தார். அவர் கட்டியவற்றில் அவருக்கு மிகப் பிடித்தது இதுதான் என்கிறார்கள். 1988இல், தொண்ணூற்றிரண்டு வயதில் இறந்தபோது அவருடைய சாம்பலை இங்கிருந்துதான் ஆற்றில் தூவினார்கள். புகழுக்கும் பாசத்துக்கும் அளவுகோல் வேறு வேறு என்பது எனக்கு அங்கே நின்றபோது உறைத்தது.

தேநீர்க் கடைக்குப் பெரியவர்தான் கூட்டிப்போனார். என் தட்டில் இருந்த கேக்கைப் பார்த்ததும் அவருக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. அரூப் சட்டைப்பையில் சாப்ஸ்டிக் குச்சிகளை வைத்திருப்பாராம். விருந்துகளில் அடுத்தவர் தட்டிலிருந்து எடுத்து ருசி பார்ப்பதற்கு! எச்சில் பார்க்கும் வீட்டில் வளர்ந்த எனக்கு முதலில் உடம்பு கூசியது. ஆனால் அடுத்தவர் தட்டில் என்ன இருக்கிறது என்ற ஆவல் அடங்காததால்தான் தத்துவத்திலிருந்து பொறியியலுக்கும், பொறியியலிலிருந்து கட்டடக்கலைக்கும் அவர் கை நீண்டது என்று தோன்றியதும் கூச்சம் போய்விட்டது.

வாக்குவாதம் அதற்குப் பிறகு. பாலத்தின் மறுமுனையில் டனெல்ம் ஹவுஸ் நிற்கிறது. மாணவர்களுக்கான கட்டடம், அதுவும் கான்கிரீட், அதிலும் அரூப்பின் பங்கு உண்டு. பாலத்தைக் கொண்டாடிய பெரியவர் இதை இடித்துத் தள்ள வேண்டும் என்றார். பல்கலைக்கழகமும் அப்படித்தான் நினைத்தது. எதிர்ப்பு கிளம்பி, 2021இல் அது பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்பட்டதில் அவருக்கு ஆத்திரம். நான் விடவில்லை. அந்தக் கட்டடம் சரிவோடு சேர்ந்து படிப்படியாக ஆற்றை நோக்கி இறங்குகிறது, எதிரே இருக்கும் பேராலயத்தோடு உயரத்தில் போட்டிக்கு நிற்கவில்லை, அந்த அடக்கத்துக்காகவாவது அது இருக்க வேண்டும் என்றேன். காலையில் கான்கிரீட்டைத் திட்டிக்கொண்டு வந்தவன் மாலையில் அதற்காக ஒரு டர்ஹம்காரரிடம் வழக்காடிக்கொண்டிருந்தேன்.

"கரைப் பாதையில் இறங்கிப் போய் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், என் பேச்சு புரியும்" என்று வழி சொல்லிவிட்டுப் போனார். இறங்கிப் போய்ப் பார்த்தேன். அங்கிருந்து பார்த்தபோதும் என் கட்சிதான் சரி என்று பட்டது.