502 யார்?

வெள்ளி, இரவு

அத்தையின் பழைய மேக் கணினி ஓய்ந்துவிட்டது. புதியது வந்து மேசையில் உட்கார்ந்திருக்கிறது. படங்களை மீட்டுத் தரும் பொறுப்பு அவருடைய அண்ணன் மகனுக்கு. பழைய கணினியின் வட்டை உரிமை விவரங்களோடு அச்சு அசலாக நகலெடுத்த ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. அந்த நகலை எடுத்த மென்பொருளே அதிலிருந்த ஃபோட்டோஸ் நூலகத்தைப் புதிய கணினியின் பிக்சர்ஸ் ஃபோல்டரில் கொண்டுவந்து வைத்தது. எல்லாம் முடிந்தது என்று செயலியைத் திறந்தால், இந்த நூலகத்தைத் திறக்க அனுமதி இல்லை என்கிறது.

“படமெல்லாம் போச்சாடா?”

“எதுவும் போகலை அத்தை. உள்ளேதான் இருக்கு. திறக்க விடமாட்டேங்குது, அவ்வளவுதான்.”

ஆறுதலுக்குச் சொன்ன பேச்சில்லை இது. வலது சொடுக்கில் அளவைப் பார்த்தான்; டிஸ்க்கில் இருந்ததும் இங்கே வந்ததும் ஒத்துப்போயின. படம் அழிந்துபோவது வேறு, அனுமதி மறுக்கப்படுவது வேறு. பதற்றத்தில் இவை இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் பலர் நல்ல நகலை அழிக்கிறார்கள், அல்லது பேக்கப்பிலேயே கைவைத்து அதையும் கெடுத்துக்கொள்கிறார்கள். அவன் அன்றிரவு செய்த ஒரே வேலை, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வைத்தது. இனி எதைச் செய்தாலும் கணினியில் இருக்கும் நகலின்மேல்தான்.

சனி, காலை

ஃபோட்டோஸ் நூலகம் பார்வைக்கு ஒரே கோப்பு. உண்மையில் அது மூடிவைத்த ஒரு ஃபோல்டர். வலது சொடுக்கில் உள்ளடக்கத்தைக் காட்டச் சொன்னால் திறக்கும். உள்ளே ‘ஒரிஜினல்ஸ்’ என்ற ஃபோல்டர். அதற்குள் 0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும் பெயரிட்ட 16 ஃபோல்டர்கள். படங்களின் பெயர்களோ எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட குறியீடுகள். வளைகாப்பு, கும்பாபிஷேகம் என்று அத்தை பிரித்து வைத்த ஆல்பங்கள், முகங்களுக்குக் கொடுத்த பெயர்கள், ஸ்கேன் செய்த பழைய படங்களுக்குத் திருத்திய தேதிகள் எல்லாம் பக்கத்தில் இருக்கும் ‘டேட்டாபேஸ்’ ஃபோல்டரில், எஸ்க்யூலைட் தரவுத்தளக் கோப்பில் இருக்கின்றன. படங்களை மட்டும் வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டால் போதும் என்ற யோசனை அதனால் உதவாது. பல வருட உழைப்பு அந்தத் தரவுத்தளத்தில் இருக்கிறது.

ஒரு படத்தைத் தனியே திறந்து பார்த்தான், திறந்தது. அப்படியானால் படிக்கும் அனுமதி இருக்கிறது, எழுதும் அனுமதிதான் இல்லை. வெறுமனே படம் பார்க்க எழுதுவானேன் என்று தோன்றலாம். ஃபோட்டோஸ் செயலிக்குத் தன் தரவுத்தளத்தில் எழுத முடிந்தாக வேண்டும். முடியாதபோது நூலகத்தையே திறக்க மறுக்கிறது.

கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் செயலியில் உரிமையாளர் யார் என்று பட்டியலிட்டதும் விடை கிடைத்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் 502.

மேக்கில் முதலில் உருவாக்கும் பயனர் கணக்கு 501 என்ற எண்ணைப் பெறும், அடுத்தது 502. பழைய கணினியை அமைத்தவர் மாமா. அவர் கணக்கு 501, அத்தையுடையது 502. புதிய கணினியில் அத்தைதான் முதல் ஆள், எனவே 501. அதே பெயர், அதே கடவுச்சொல். ரேஷன் கடையில் முகம் தெரிந்தாலும் அட்டை எண்ணைத்தான் பார்ப்பார்கள்; அதுபோல வட்டும் எண்ணை மட்டுமே எழுதி வைத்திருக்கிறது. 502 என்று ஒருவர் இந்தக் கணினியில் இல்லவே இல்லை.

இந்த ஏற்பாட்டுக்கு வயது அதிகம். 1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய யூனிக்ஸ், ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொண்ட காலத்தில் வளர்ந்தது. ஒருவர் கோப்பை இன்னொருவர் தொடாமல் காக்க உரிமையாளர் எண் தேவைப்பட்டது. மேக் அந்த வழிவந்தது. லினக்ஸிலும் இதே கதைதான். உபுண்டுவில் முதல் பயனரின் எண் 1000.

சனி, பிற்பகல்

இப்படிச் சிக்கிக்கொண்டவருக்கு நண்பர்கள் தரும் முதல் ஆலோசனை, “எல்லாத்துக்கும் 777 போடு”. படிக்க 4, எழுத 2, இயக்க 1, கூட்டினால் 7. உரிமையாளர், குழு, மற்றவர் என மூன்று தரப்புக்கும் ஏழேழு. வேலை நடந்தது போலத் தெரியும். ஆனால் அந்தக் கணினியில் கணக்கு வைத்திருக்கும் யாரும் படங்களை அழிக்கலாம். ஒவ்வொரு படமும் இயக்கத்தக்க நிரல் என்று குறிக்கப்படும். உரிமையாளர் மட்டும் அதே 502ஆகவே இருப்பார். நோய் அப்படியே இருக்க, வீட்டுக் கதவைக் கழற்றச் சொல்லும் வைத்தியம் இது. செய்யவே கூடாது.

உரிமையை மாற்றுவதுதான் சரி. அதற்கான ‘சிஎச்ஓன்’ கட்டளையை நிர்வாகி அதிகாரத்தோடு கொடுத்தான். உடனே ‘ஆபரேஷன் நாட் பர்மிட்டட்’ என்று வந்தது. ‘பர்மிஷன் டினைடு’ என்று வந்திருந்தால் பழைய யூனிக்ஸ் காவல் தடுக்கிறது என்று பொருள். நிர்வாகிக்கே இப்படி வந்தால் தடுப்பது பெரும்பாலும் இன்னொரு காவல். 2018இல் வந்த மொஹாவே பதிப்பு முதல் படங்கள், மின்னஞ்சல் போன்றவற்றை மேக் தனியாகக் காக்கிறது. அமைப்புகளில் டெர்மினலுக்கு ‘ஃபுல் டிஸ்க் ஆக்சஸ்’ கொடுத்து, அதை மூடித் திறக்க வேண்டும். கொடுத்தான். இந்த முறை கட்டளை ஒரு சொல்லும் பேசாமல் ஓடி முடிந்தது.

அடுத்து இரண்டு சிறு வேலைகள். மேக்கின் பேக்கப் வசதியான டைம் மெஷின் பழைய எச்எஃப்எஸ் வகை வட்டுகளில் எடுத்த பேக்கப்பில், யாரும் மாற்றக் கூடாது என்ற தடைப்பட்டியல் ஒவ்வொரு கோப்பிலும் இருக்கும். எப்படியோ அது நகலோடு வந்துவிட்டால், உரிமையாளரே ஆனாலும் எழுத முடியாது. இங்கே சில ஃபோல்டர்களில் அது ஒட்டியிருந்தது. ‘சிஎச்மாட்’ கட்டளையில் அதற்கென உள்ள தெரிவைக் கொடுத்து நீக்கினான். பிறகு உரிமையாளருக்கு மட்டும் எழுதும் அனுமதி.

நூலகம் வெளி டிஸ்க்கிலேயே இருந்திருந்தால் இவ்வளவும் வேண்டியதில்லை. டிஸ்க்கின் தகவல் சாளரத்தில், உரிமையாளர் விவரத்தைப் பொருட்படுத்தாதே என்ற கட்டத்தில் குறியிட்டாலே திறந்திருக்கும். கணினி இயங்கும் உள்வட்டுக்கு அந்தக் கட்டம் கிடையாது.

கடைசியாக ஆப்ஷன், கமாண்ட் விசைகளை அழுத்தியபடியே ஃபோட்டோஸைத் திறந்தான். பழுதுபார்க்கட்டுமா என்று கேட்டது. 2015க்கு முன்பிருந்த ஐஃபோட்டோவில் அனுமதிகளைச் சரிசெய்யவே தனித் தெரிவு இருந்தது. இப்போது இந்த ஒரு பொத்தான்தான். அது தரவுத்தளத்தைத்தான் பார்க்கும். உரிமையாளர் எண் தவறாக இருக்கும்போது முதலில் இதை அழுத்தியிருந்தால் நேரம்தான் வீணாகியிருக்கும்.

ஞாயிறு

ஆல்பங்கள் அத்தனையும் வந்துவிட்டன. அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிசையாகத் தட்டிப் பார்க்கிறார். “இது ஏன் இப்படி மங்கலா இருக்கு?” சில படங்கள் சிறிதாக, தெளிவில்லாமல் தெரிந்தன. இதற்கும் அனுமதிக்கும் சம்பந்தமில்லை. பழைய கணினியில் இடத்தை மிச்சப்படுத்தும் தெரிவு போட்டிருந்தது. அந்தப் படங்களின் மூலக் கோப்புகள் ஐகிளவுடில் இருக்க, வட்டில் சிறு பிரதி மட்டுமே இருந்திருக்கிறது. பேக்கப்பிலும் அதுவேதான் ஏறியிருக்கிறது. இதுவரை பேக்கப் என்று நம்பியிருந்தது முழுமையானதே அல்ல.

டெர்மினலுக்குக் கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெற்றான். ஐகிளவுட் அமைப்பில், மூலப் படங்களை இந்த மேக்கிலேயே இறக்கிவை என்பதைத் தேர்ந்தெடுத்தான். அத்தனையும் இறங்கி முடிந்தபின் புதிதாக ஒரு ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் எடுப்பதாக ஏற்பாடு. அதிலிருந்து ஒரு படத்தை மீட்டு, அத்தையின் கணக்கில் திறந்து, திருத்திச் சேமித்துப் பார்க்கும்வரை அலமாரியில் இருக்கும் பழைய டிஸ்க்கை யாரும் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறான்.