நூறு விழுக்காடு கூடுதல் வெளிச்சம்

கரும்பு அறுவடைக் காலத்தில் கோலாப்பூர், சாங்லி மாவட்டச் சாலைகளில் இரவில் கார் ஓட்டுவோர் அஞ்சுவது ஒன்றையே: முன்னே செல்லும் கரும்பு வண்டி. பீட் மாவட்டத்திலிருந்து வந்து கரும்பு வெட்டும் குடும்பங்கள், நள்ளிரவிலும் மாட்டு வண்டிகளில் ஆலைக்குச் செல்கின்றன. பல வண்டிகளின் பின்புறம் விளக்கே இராது. புலம்பெயர் உழைப்பைக் குறித்து ஆய்வதால் அச்சாலைகள் எனக்குப் பழக்கமானவை. என் பழைய காரில் எச்4 ஹாலஜன் பல்பு மாட்டியிருக்கிறேன். "அதிக வெளிச்சம் தரும் பல்பு வாங்கலாமா, எத்தனை நாள் வரும்?" என்று சக ஆய்வாளர்கள் கேட்பதால் இதை எழுதுகிறேன்.

அட்டைப்பெட்டியில் "100% கூடுதல்" என்று அச்சிட்டிருப்பார்கள். ஐ.நா. விதி 37-இன்படி எச்4 பல்பு 13.2 வோல்ட்டில் உயர்கற்றைக்கு 1650 லூமென், தாழ்கற்றைக்கு 1000 லூமென் தர வேண்டும். ஏற்ற இறக்கம் 15 விழுக்காட்டைத் தாண்டலாகாது. ஆக, மொத்த ஒளி இரட்டிப்பாக வழியில்லை. இழையை நெருக்கமாகச் சுற்றி, அதிக வெப்பத்தில் எரியவிட்டு, சாலையின் சில புள்ளிகளில் ஒளியைக் குவிக்கிறார்கள். விளம்பர எண் அப்புள்ளிகளுக்கு உரியது.

அதற்கான விலையை இழையே செலுத்துகிறது. வெப்பத்தில் ஆவியாகும் டங்ஸ்டன், ஹாலஜன் வாயுவோடு சேர்ந்து மீண்டும் இழைக்கே திரும்புகிறது. ஆனால் புறப்பட்ட இடத்துக்கே அது திரும்புவதில்லை. மெலிந்த இடம் மேலும் சூடாகி, மேலும் மெலிந்து, ஒருநாள் அறுகிறது. சாதாரண பல்பு சில நூறு மணி நேரம் உழைக்குமெனில், இவ்வகைப் பல்புகள் பலவற்றுக்கு அதில் பாதியே வாய்க்கும். நீலப் பூச்சுப் பல்புகளில் பூச்சு ஒரு பகுதி ஒளியை விழுங்குவதால், அதை ஈடுசெய்ய இழை இன்னும் சூடாக எரிய வேண்டியிருக்கிறது.

மின்னழுத்தக் கணக்கும் இதையே சொல்கிறது. அழுத்தம் 5 விழுக்காடு கூடினால் ஒளி ஏறக்குறைய 18 விழுக்காடு கூடும். ஆயுளோ கிட்டத்தட்டப் பாதியாகும். பழைய கார்களில் கம்பியிலும் சுவிட்சிலும் அழுத்தம் வீணாவதால் நிலைமை தலைகீழாக இருக்கும்: பல்பு நெடுநாள் வரும், வெளிச்சம் மங்கும். எனவே முதலில் மஞ்சளித்த விளக்குக் கண்ணாடியை மெருகேற்றி, கற்றையின் உயரத்தைச் சரிசெய்து, ரிலே வைத்துத் தனிக் கம்பி இழுத்தேன். பல்பை அதன் பிறகே மாற்றினேன்.

100/90 வாட் பல்பையும் எல்.இ.டி. மாற்றுப் பல்பையும் தவிர்த்தேன். முன்னது கம்பியையும் பிடிப்பானையும் சூடாக்கிக் கருக்கும். எதிரே வருவோர் மீது விழும் கூச்சத்தையும் கூட்டும். பின்னது, ஹாலஜன் இழையின் இடத்துக்கென வடித்த பிரதிபலிப்பானில் ஒளியைத் தாறுமாறாகச் சிதறடிப்பது வழக்கம். அப்படிச் சிதறும் ஒளி, கையில் அரிவாளோடு எதிரே நடந்துவரும் பெண்ணின் கண்ணில்தான் விழும். அவள் கண் கூசித் தடுமாற, நான் தெளிவாகப் பார்ப்பதில் என்ன நியாயம்?

நாளுக்கு இரண்டு மணி நேரம், வாரத்துக்கு ஐந்து இரவுகள், நான்கு மாதங்கள்: ஒரு பருவத்துக்கு ஏறத்தாழ 170 மணி நேரம். அதிக ஒளி தரும் பல்பொன்றின் ஆயுளில் பெரும்பகுதி அதிலேயே கழிந்துவிடும். ஆகவே அது அறுந்து போகும்வரை காத்திராமல், ஆலைகள் அரைவையைத் தொடங்குமுன் ஆண்டுதோறும் இரண்டு பல்புகளையும் சேர்த்தே மாற்றுகிறேன். கழற்றியவற்றில் ஒன்று மாற்றுப் பல்பாகக் காரிலேயே இருக்கும். நகருக்குள் மட்டும் ஓட்டுவோருக்கு இச்செலவு தேவையில்லை. சாதாரண பல்பே போதும்.

ஆய்வுதவித்தொகையில் இது சிறு தொகையன்று. ஆனால் யாருடைய உழைப்பைப் பற்றி எழுதுகிறேனோ, அவர்களுடைய வண்டியைச் சில மீட்டர் முன்னதாகவே கண்டுகொள்ள அது உதவுகிறது. என் ஆய்வின் களச்செலவுக் கணக்கில் அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.