பத்தொன்பது வயதில் பேரன் எடுத்தவன்

“நீங்கள் மெட்ராஸ்காரர் என்று சொன்னார்கள், அதனால்தான் வந்தேன்” என்றார் அந்த அம்மாள். அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில் வம்சாவளி தேடிக்கொடுக்கும் வேலைக்கு நான் வந்து 18 ஆண்டுகள் ஆகின்றன. மெட்ராஸைச் சொல்லிக்கொண்டு என்னிடம் வந்தவர் அவர் ஒருவர்தான். அவருடைய பாட்டி யேல் குடும்பத்தில் பிறந்தவர். ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்த எலிஹு யேல்தான் தங்கள் மூதாதை என்று வீட்டில் காலங்காலமாகச் சொல்லி வருகிறார்களாம். “நிரூபிக்க வேண்டியதுதான் பாக்கி” என்றார்.

என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் இப்படித்தான். உச்சியில் யார் என்று முடிவு செய்துவிட்டு, நடுவில் உள்ளதை இட்டு நிரப்பச் சொல்வார்கள். கொடியை நுனியில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கணுவாகத் தடவித்தான் வேருக்குப் போக முடியும். வேரிலிருந்து இறங்கினால் நமக்குப் பிடித்த கிளையில்தான் போய் நிற்போம்.

எலிஹு விஷயத்தில் பதில் சுலபம். அவர் 1649-இல் பாஸ்டனில் பிறந்தார். மூன்று வயதுக் குழந்தையாகப் பெற்றோருடன் இங்கிலாந்து போனவர், பிறகு அமெரிக்கா திரும்பவே இல்லை. 1672-இல் மெட்ராஸ் வந்து, 1687 முதல் 1692 வரை கவர்னராக இருந்தார். 1718-இல் அவர் அனுப்பிய சரக்குப் பொதிகளையும் 417 புத்தகங்களையும் பெற்றுக்கொண்ட கல்லூரி அவர் பெயரை வைத்துக்கொண்டது. அவருடைய மகள்களில் இருவர் இங்கிலாந்துப் பிரபுக் குடும்பங்களில் வாழ்க்கைப்பட்டார்கள். அமெரிக்காவில் அவருக்கு வாரிசு இல்லை. இங்கே உள்ள யேல்கள், நியூ ஹேவனிலேயே தங்கிவிட்ட அவருடைய தந்தையின் சகோதரர் தாமஸ் யேலின் வழியில் வந்தவர்கள். பூட்டுக்குப் பெயர் கொடுத்த லைனஸ் யேலும் அந்தக் கிளைதான்.

இதைச் சொன்னதும் அம்மாளின் முகம் வாடியது. “தாமஸிடமாவது கொண்டுபோய்ச் சேர்ப்பீர்களா?” என்று கேட்டார். உண்மையான வேலை அங்கேதான் தொடங்கியது.

1850-க்கு இந்தப் பக்கம் எல்லாம் சாலைப் பயணம். அந்த ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கில்தான் அடிமைகள் நீங்கலாக வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பெயரும் முதன்முறையாக ஏறியது. 1790 முதல் 1840 வரையிலான கணக்குகளில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும் இருக்கும். மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. அதற்கு முன்பு அதுவும் கிடையாது. ஊர்ப் பதிவேடுகளின் பிறப்பு, திருமணம், இறப்பு விவரங்களைத் தொகுத்த பார்பர் தொகுப்பு ஹார்ட்ஃபோர்ட் மாநில நூலகத்தில் இருக்கிறது. அது வழிகாட்டிப் பலகை, ஊர் வந்துவிட்டதாகாது. பெரும்பாலான நாட்களில் நான் உட்கார்ந்திருப்பது ஊர் அலுவலகங்களின் பெட்டக அறைகளில், நிலப்பத்திரப் பேரேடுகளுக்கு நடுவே. கனெடிகட்டில் பத்திரங்கள் மாவட்டத் தலைநகரில் இருக்காது. அந்தந்த ஊரிலேயே இருக்கும்.

தாய்ப்பத்திரம் தேடி அலைந்த நம்மவர்களுக்கு இந்த வேலை பிடிபடும். அப்பா இறந்தால் நிலம் பிள்ளைகளுக்குப் போகும். மேற்கே ஓஹயோவுக்குக் குடிபெயர்ந்துவிட்ட மகன் தன் ஏழில் ஒரு பங்கை அண்ணனுக்கு விற்பான். கட்டிக்கொடுத்த மகள் கணவனோடு வந்து கையெழுத்திடுவாள். திருமணப் பதிவில் ‘மேரி’ என்று மட்டும் இருந்த ஒருத்தியின் பிறந்த வீடு, இருபது ஆண்டு கழித்து எழுதிய பங்கு விற்பனையில் தெரியவரும். பிறப்புப் பதிவு சொல்லாததைச் சொத்து சொல்லிவிடும்.

அந்தக் காலத்துச் சொற்களை இந்தக் காலத்துப் பொருளில் படித்தால் காலை வாரிவிடும். ‘மதர் இன் லா’ என்பது மாற்றாந்தாயைக் குறிக்கலாம். ‘கசின்’ என்பது அண்ணன் மகனாக இருக்கலாம். ‘சீனியர்’, ‘ஜூனியர்’ என்றால் அப்பாவும் மகனும் என்று நினைத்துவிடக் கூடாது; ஒரே ஊரில் ஒரே பெயரில் இருந்த மூத்தவரும் இளையவரும், அவ்வளவுதான். தேதியும் அப்படியே. 1752 வரை இங்கே ஆண்டு மார்ச் 25-இல்தான் பிறந்தது. 1701 மார்ச் 30-இல் பிறந்த குழந்தை 1701 பிப்ரவரி 10-இல் இறந்ததாக இருந்தால், எழுதியவருக்குப் பைத்தியம் இல்லை. குழந்தை பத்து மாதம் உயிரோடு இருந்திருக்கிறது. தை மாதம் வந்தும் பழைய ஆண்டுதான் நடக்கிறது என்பது, சித்திரையில் புத்தாண்டு கொண்டாடும் நமக்குப் புதிதல்ல.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் நான் சறுக்கினேன். அது வேறொரு குடும்பம். ஓஹயோவில் 1850 கணக்கில் 58 வயதுப் பெரியவர் ஒருவர். பிறந்த இடம் கனெடிகட். நான் தேடிப் போன ஊர்ப் பதிவேட்டில் 1792-இல் அதே பெயரில் ஒரு பையன் பிறந்திருந்தான். அவனைத் தொட்டு ஐந்து தலைமுறை மேலே ஏறி, படம் வரைந்து, பணமும் வாங்கிவிட்டேன். இரண்டு மாதம் கழித்து, 1930-களில் இந்த மாநிலத்துக் கல்லறை வாசகங்களைப் படியெடுத்த ஹேல் தொகுப்பை வேறு வேலையாகப் புரட்டும்போது அந்தப் பெயர் கண்ணில் பட்டது. மறுநாள் இடுகாட்டுக்கே போனேன். பாசி படிந்த கல்லில், பெற்றோர் பெயரோடு, வயது 19 என்று வெட்டியிருந்தது. செத்துப்போன பையனுக்கு நான் பேரன் பேத்தி எடுத்துக் கொடுத்திருந்தேன். ஓஹயோக்காரர் அவனுடைய சித்தப்பா மகன். பக்கத்து ஊர்ப் பதிவில் இருந்தார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பிறப்புப் பதிவு கிடைத்ததும், அந்தக் குழந்தை வளர்ந்து ஆளானதா என்று பார்ப்பது அன்றிலிருந்து பழக்கமாகிவிட்டது.

கல் அன்று என்னைக் காப்பாற்றியது. எல்லாக் கல்லும் அப்படிப் பேசாது. சென்னை உயர் நீதிமன்றத்தை ஒட்டிய பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் கூம்பிய கல்லறை ஒன்று நிற்கிறது. அதில் இரண்டு பேர்: ஜோசப் ஹின்மர்ஸ், டேவிட் யேல். டேவிட் எலிஹுவின் மகன், நான்கு வயது நிறையுமுன் போய்விட்ட குழந்தை. ஹின்மர்ஸ் அவனுக்கு யார்? அப்பா வழியிலும் அம்மா வழியிலும் ரத்த உறவே இல்லை. ஜார்ஜ் கோட்டையின் புனித மேரி தேவாலயத் திருமணப் பதிவேட்டைத் திறந்தால்தான் விடை. அதன் முதல் திருமணமே 1680 நவம்பர் 4-இல் எலிஹு யேலுக்கும், ஹின்மர்ஸின் விதவை கேத்தரினுக்கும் நடந்தது. தாயின் முதல் கணவரும் இரண்டாம் கணவரின் பிள்ளையும் ஒரே கல்லுக்கடியில். பதிவேடு இல்லாமல் கல்லை மட்டும் பார்த்திருந்தால், தாத்தாவும் பேரனும் என்று எழுதியிருப்பேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வாலிங்ஃபோர்ட், நியூ ஹேவன் பக்கத்தில் இறந்தவர்களின் சொத்துப் பட்டியல்களில் கலப்பை, பசுமாடு, கட்டில் வரிசையில் சில சமயம் ஒரு மனிதரும் விலையோடு இருப்பார். பெரும்பாலும் ஒற்றைப் பெயர்தான். கனெடிகட்டில் அடிமைமுறை 1848-இல்தான் முழுவதும் ஒழிந்தது. தென் மாநிலங்களில் விடுதலையானவர்களின் பெயர்கள் மக்கள்தொகைக் கணக்கில் முழுதாக வந்தது 1870-இல்தான். ஒரு குடும்பத்துக்குத் தாத்தாவைக் காட்டிக்கொடுக்கும் அதே தாள், இன்னொரு குடும்பத்துக்குச் சுவராக நிற்கிறது. அந்த ஒற்றைப் பெயரை இப்போது நான் தனி நோட்டில் எழுதிவைக்கிறேன். யாராவது தேடி வருவார்கள்.

அம்மாளின் வேலை பதினோரு மாதம் பிடித்தது. 1683-இல் இறந்த தாமஸ் யேல் வரை கணுக்கள் பிடிபட்டன. படத்தை விரித்தபோது, “அப்படியானால் மெட்ராஸோடு எங்களுக்கு ஒன்றுமே இல்லையா?” என்றார். எலிஹு உங்கள் பாட்டி வீட்டுக்குப் பங்காளி என்று சொல்லி, பங்காளி என்றால் என்ன என்று கால்மணி நேரம் விளக்கினேன். சொல் அவருக்குப் பிடித்துப்போயிற்று, எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டார்.

அந்தப் படத்தில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. ஆறாம் தலைமுறையில் ஒரு மனைவியின் பிறந்த வீடு. பொருத்தமான பெயரில் இரண்டு தகப்பன்மார் பக்கத்து ஊர்களில் இருக்கிறார்கள். பத்திரம் ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்கும்வரை அது காலியாகவே இருக்கும்.