கேம் வளைவும் றம்பொடை வளைவும்

கார் ரேஸ் கேமில் இறக்க வளைவை எப்படி எடுப்பதென்று எங்கட பையன்கள் எங்களுக்கே பாடம் எடுக்கிறார்கள்: வளைவுக்கு முன்னமே பிரேக் பிடி, கியரைக் குறை, வெளி ஓரத்தால் வந்து உள் ஓரத்தைத் தொட்டுப் போ.

முதல் இரண்டும் றம்பொடை இறக்கத்துக்கும் சரிதான். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் சூடேறி, பிறகு பிடிக்காது. ஏறும்போது போடுகிற கியரில்தான் இறங்கவும் வேண்டும்.

மூன்றாவதுதான் வில்லங்கம். கேமில் ரோட் முழுக்க நமக்கு. இங்கே பாதி, எதிரே ஏறிவரும் நுவரெலியா பஸ்ஸுக்கு. வலப்பக்க வளைவில் உள் ஓரத்தைத் தொடப்போனால் நேரே அதன் முகத்தில்தான்.

2025 மே 11 அதிகாலை கெரண்டி எல்லயில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் மௌத்தான ரோட் இது. லைசென்ஸ் எடுக்கக் காத்திருக்கும் மகனிடம் இந்த மூன்றாவதை மட்டும் இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.